மாவில் சுட்ட பாறை

1. கருகிய சட்டி

அந்த யோசனை எனக்கு வந்தது பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில். மதியப் பந்தி முடிந்து, சட்டிகள் எல்லாம் என் பக்கம் வந்து குவிந்திருந்தன. அதில் ஒன்று சீனிப்பாகு கருகிய பெரிய சட்டி. அடி முழுக்கத் தார் ஊற்றியதுபோலக் கறுப்பு. வெந்நீரில் ஊறவைத்தும் அசையவில்லை. கத்தி முனையால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். கறுப்பு உரிந்து, அடியிலிருந்து உலோகம் வெள்ளையாகத் தெரிந்தது. என் கை எப்போதும் சும்மா இருக்காது. கோட்டைச் சற்று வளைத்தேன், அது ஒரு மாட்டின் முதுகு ஆனது. இன்னும் இரண்டு இழுப்பு, கொம்பும் வந்துவிட்டது.

பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த தவம் அண்ணை எட்டிப் பார்த்தார். இந்த இன்டர்லாக்கன் ஊருக்கு எனக்கு முதலே வந்தவர், இந்த ஹோட்டலில் எனக்கு வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

"உதென்ன குகன், சட்டி கழுவுறியோ, மாடு மேய்க்கிறியோ?"

"அண்ணை, இஞ்சை வடிவாப் பாருங்கோ. நான் ஒண்டும் கீறேல்லை. கறுப்பைத்தான் எடுத்தனான்."

"அதை எடுக்கத்தானே சம்பளம் தாறாங்கள். முழுக்க எடு."

நான் எடுக்கவில்லை. சட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். முதல்நாள் நான் சுட்டுப் பழுதாக்கிய பாறை ஏன் பழுதாகியது என்று அந்த நிமிடத்தில் விளங்கிவிட்டது. ஈரக்கையோடு பத்திஸ்ஸரிக்கு, அதாவது கேக்கும் இனிப்பும் செய்கிற அறைக்கு, ஓடினேன்.

ஹோட்டலில் பாறை சுடுவதா என்று கேட்பீர்கள். அதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

2. ஊலி பட்டாளத்துக்குப் போனதால்

எண்பத்துமூன்றில் ஊரில் நடந்த கலவரத்துக்குப் பின்னால் இந்த நாட்டுக்கு வந்த எங்களில் அரைவாசிப் பேர் ஹோட்டல் சமையலறைகளில்தான் நிற்கிறோம். அகதி மனு முடிவுக்காகக் காத்திருப்பவனுக்கு வேறு வேலைக்கு அனுமதி எடுப்பது லேசில்லை. ஆனால் சமையலறைக்குள்ளேயே பல இடங்கள் உண்டு. மரக்கறி வெட்டுகிற இடம், சோஸ் வைக்கிற அடுப்பு, பத்திஸ்ஸரி. எல்லாவற்றுக்கும் கடைசியில் தொட்டி. நான் உயர்தர வகுப்பில் பௌதிகமும் இரசாயனமும் படித்தவன். தொட்டியில் நின்றாலும் கண் மற்ற மேசைகளில்தான் இருக்கும். இது ஏன் பொங்குகிறது, அது ஏன் இறுகுகிறது என்று கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் தொல்லை கொடுத்திருக்கிறேன்.

பத்திஸ்ஸரிக்குப் பொறுப்பு ஹெர் கெர்பர், நம் பேச்சில் திரு. கெர்பர். பேர்ண் நாட்டுப்புறத்து ஆள். நெடுவல். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நாம் ஒரு கோப்பி குடித்து முடிக்கலாம். அவருக்கு ஊலி என்ற பெடியன் உதவியாள். இந்த நாட்டில் ஆண்கள் பட்டாளப் பயிற்சி முடித்த பிறகும் இடைக்கிடை சில கிழமைகள் திரும்பப் போகவேண்டும். வங்கி முகாமையாளனும் போவான், பேக்கரிக்காரனும் போவான். இலையுதிர் காலத்தில் ஊலிக்கு அந்த அழைப்பு வந்தது. அதே கிழமைகளில்தான் ஹோட்டலில் ஒரு விசேஷ விருந்தும் இருந்தது.

ஃப்ரௌ டொக்டர் லூத்தி என்ற பெண் ஆய்வாளர் சகாரா பாலைவனத்தில் மணற்கல் பாறைகளில் ஆதிமனிதர் வெட்டிய மிருகங்களைப் பல வருடமாகப் படம் பிடித்து வருபவர். அவர் சிலைட் போட்டுக் காட்டிப் பேசுவார், பிறகு எல்லாருக்கும் சாப்பாடு. சாப்பாட்டு மேசையின் நடுவில் அந்தப் பாறைகளில் ஒன்றைச் செய்து நிறுத்தவேண்டும் என்பது ஹோட்டல் முதலாளியின் ஆசை. அது கெர்பரின் தலையில் விழுந்தது. கெர்பர் தொட்டிக்கு வந்து, கேள்வி கேட்டுத் தொல்லை தருகிறவனைக் கூப்பிட்டார்.

மேசைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. கறுத்த மண்ணிறப் பாறை. அதில் வெளிறிய கோடுகளில் மாடுகள், ஒன்றின் பின் ஒன்றாக. நீண்ட கொம்பும் மெல்லிய காலுமாக, ஏதோ தண்ணீருக்குப் போவதுபோல நடந்துகொண்டிருந்தன. பாலைவனத்தில் மாடு எப்படி என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அங்கே புல் இருந்ததாம் என்று கெர்பர் சொன்னார். அதுக்கு மேலே அவருக்குத் தெரியாது, தெரிந்ததுபோலக் காட்டவும் இல்லை.

"இதைச் செய்வம். சரியாய் வந்தால் குளிர்கால சீசனுக்கு உன்னை என்னட்டை விடச் சொல்லிக் கேப்பன்" என்றார். நீண்ட இடைவெளி. "வராட்டி, ஊலி வந்த உடனை நீ சட்டிக்குப் போ."

அப்பட்டமான பேச்சு. எனக்கு அது பிடித்திருந்தது.

காட்சிக்கு மட்டும் செய்கிற பொருட்களுக்கு இங்கே ஒரு மா உண்டு. 'செத்த மா' என்று சொல்வார்கள். ஈஸ்ட் இல்லை, உப்பு நிறைய, பொங்காது, யாரும் சாப்பிடுவதும் இல்லை. அதைத் தடிப்பாக உருட்டி, பச்சை மாவிலேயே மாடுகளை ஆழமாகக் கீறி, காயவைத்துச் சுட்டேன். பிறகு கோப்பிச் சாறும் கருக்கிய சீனியும் கலந்த நிறத்தை மேலே பூசினேன். நிறம் நேரே கோடுகளுக்குள் ஓடித் தேங்கிவிட்டது. பாறை வெளிறி, மாடுகள் கறுத்துப்போய் நின்றன. படத்தின் நெகட்டிவ் மாதிரி.

கெர்பர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன இது?"

"பாறை, ஹெர் கெர்பர்."

"இல்லை. இது சூடுபட்ட மாட்டுத் தோல்."

அது முதல்நாள் நடந்தது. அடுத்த நாள்தான் சட்டி.

3. கொத்து

"ஹெர் கெர்பர், அவங்கள் கோடு போடேல்லை" என்றேன் மூச்சு வாங்க. "பாறைக்கு வெளியிலை கறுத்த தோல் ஒண்டு இருந்திருக்கு. அந்தத் தோலை எடுத்திருக்கிறாங்கள். உள்ளை இருக்கிற வெளிறல்தான் மாடு. நாங்கள் முதல் தோலைச் செய்யவேணும்."

அவர் படத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார். தரையில் சொட்டிய தண்ணீரையும் பார்த்தார்.

"முதல் நிறம். பிறகு வெட்டு" என்றார். "செய். முதல் தரையைத் துடை."

இந்த முறை வெறும் பலகையாகவே சுட்டோம். எங்கள் அடுப்புக்குள் பெரிய பலகை போகாது. நாலு துண்டாகச் சுட்டு ஒட்டினோம். ஒட்டுகள் தெரியுமே என்று நான் கவலைப்பட்டபோது, "பாறை எண்டால் வெடிச்சிருக்கும்" என்று சொல்லி கெர்பர் அந்த இணைப்புகளையே வெடிப்பாகச் செதுக்கிவிட்டார். அது அவருடைய வேலைச் சுத்தம். மேலே நிறத்தை மெல்லிசாகப் பூசி, காயவைத்து, மறுபடி பூசினோம். தோல் பிடித்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கல்தான்.

பிறகு கத்தியால் கீறினேன். தோல் கோட்டோடு நிற்காமல் செதில் செதிலாகப் பெயர்ந்தது. முதல் மாட்டின் பின்னங்கால் யானைக் கால் ஆகிவிட்டது. கைவிடுகிற நிலை. கெர்பர் மேசை லாச்சியிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துத் தந்தார். அதைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். தூரத்திலிருந்து ஒரே இழுப்பாகத் தெரிந்த கோடு, கிட்டத்தில் கோடே இல்லை. புள்ளி, புள்ளி, புள்ளி. கல்லால் கல்லைக் கொத்தியிருக்கிறார்கள்.

இறைச்சிக்குள் கொழுப்புத் திணிக்கிற தடித்த ஊசி ஒன்று சமையலறையில் கிடந்தது. அதையும் ஒரு சின்னச் சுத்தியலையும் எடுத்தேன். ஒரு கொத்து, ஒரு வெள்ளைப் புள்ளி. தோல் பெயரவில்லை. அவ்வளவுதான், பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கொத்தும்போது அந்த ஆளை நினைத்துக்கொண்டேன். கையில் இரும்பு இல்லை, வெயில் தலைக்கு மேலே, பாறையோ செங்குத்தாக நிற்கிறது. என்னைவிட அவனுக்கு இருந்த ஒரே வசதி, இரவுப் பந்திக்கு முதல் மேசையை விட்டுக் கொடுக்கச் சொல்லி யாரும் வந்து நிற்கவில்லை.

தவம் அண்ணை இடைவேளைகளில் தேத்தண்ணியோடு வந்து நின்று பார்ப்பார். அவர் வீட்டில் சவாரி மாடு வளர்த்தவர்கள். வண்டியில் பூட்டி ஓடவிடுகிற மாடுகள். ஆகவே இந்த விஷயத்தில் அவருடைய விமர்சனம் கடுமை.

"கொம்பு சோக்கு. நடை சரியில்லை. முன்னங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கவேணும்."

"படத்திலை அப்பிடித்தான் கிடக்கு அண்ணை."

"அப்ப அவனுக்கும் மாடு தெரியாது."

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முன்னால் போகிற பெரிய நாம்பனை, காளையை, கொத்தினேன். மூக்கு, தாடை, கண், கொம்பு. கை நல்ல ஓட்டத்தில் இருந்தது. தவம் அண்ணை தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, "ஆ, இப்பதான் மாடு மாடாக் கிடக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

4. கயிறு

விருந்துக்கு முதல்நாள் பின்னேரம் ஃப்ரௌ லூத்தி சிலைட் இயந்திரத்தைச் சரிபார்க்க வந்தவர், கெர்பரும் நானும், தேத்தண்ணியோடு வந்த தவம் அண்ணையும் நின்ற பத்திஸ்ஸரிக்கே நேரே வந்துவிட்டார். கட்டையாக வெட்டிய நரைமுடி, வெயிலில் காய்ந்த முகம். அந்த ஹோட்டலில் என்னை 'நீங்கள்' போட்டு அழைத்த முதல் ஆள் அவர்தான்.

"இதைக் கொத்தினது நீங்களோ?"

"ஓம்."

"கீறாமல் கொத்தவேணுமெண்டு ஆர் சொன்னது?"

பூதக்கண்ணாடியைக் காட்டினேன். அவருக்குச் சந்தோஷம். குனிந்து, ஒவ்வொரு மாடாக, பின்னாலிருந்து முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார். நாம்பனில் வந்து நின்றார்.

"இது ஆரின்ரை மாடு?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

"சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கிறாரே. அதுதான் கேக்கிறன்."

அவர் விரல் காட்டிய இடத்தில், நாம்பனின் மூக்கிலிருந்து கன்னத்தின் மேலாக ஏறி, கொம்புக்குப் பின்னால் போய் முடிகிற ஒரு வரி. சுத்தமான, அழகான, வெள்ளைப் புள்ளிவரி. மூக்கணாங்கயிறு. சுவரிலிருந்த படத்தை நாலு பேரும் பார்த்தோம். படத்தில் கயிறு இல்லை. ஒரு மாட்டுக்கும் இல்லை.

நான் வேண்டுமென்று கொத்தவில்லை. பள்ளிக்கூடக் கொப்பியில் மாடு கீறிய நாளிலிருந்து என் கைக்கு அது ஒரே ஓட்டம்: மூக்கு, கயிறு, கொம்பு. தவம் அண்ணையைப் பார்த்தேன். அவரும் அப்போதுதான் கண்டார்.

"நாணயக்கயிறு இல்லாமல் உந்தப் பெரிய நாம்பனை எப்பிடிக் கொண்டுபோறது?" என்றார் தமிழில், மெதுவாக.

ஃப்ரௌ லூத்தி அதை மொழிபெயர்க்கச் சொன்னார். சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார்.

கெர்பர் சிரிக்கவில்லை. "மூடு" என்றார் என்னிடம். அந்த ஒரு சொல்தான். புதுப் பலகை சுட்டுக் காயவைக்க நேரம் இல்லை. கொக்கோவும் சீனித்தூளும் குழைத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். மேலே அதே கோப்பி நிறத்தைப் பூசினேன். கயிறு மறைந்தது. ஆனால் காய்ந்த பிறகு பார்த்தால் அந்த இடம் மட்டும் பளபளத்தது. சுற்றியுள்ள பாறை மங்கல், கன்னத்தில் ஒரு பட்டி மட்டும் எண்ணெய் தடவியதுபோல. மாத்தூள் தூவினேன், சாம்பலாகத் தெரிந்தது. தட்டிவிட்டேன், மறுபடி மினுங்கியது.

"நாளைக்கு எல்லாரும் முதல் அதைத்தான் பாப்பினம்" என்று சொல்லிவிட்டு கெர்பர் விளக்கை அணைத்தார். சீசன் முழுக்கத் தொட்டிதான் என்று எனக்குப் பட்டது.

5. பட்டியைக் கண்டுபிடித்தவர்

அடுத்த நாள் பலகையைத் தூக்கிக்கொண்டுபோய் விருந்து மேசையின் நடுவில் நிறுத்தினோம். உடையவில்லை. பேச்சு நடக்கும்போது மேசைக்குப் பின்னால் வெள்ளை உடுப்போடு நிற்கச் சொன்னதால், நானும் கெர்பரும் எல்லாச் சிலைடையும் பார்த்தோம்.

எனக்குத் தெரியாத ஒன்று அங்கேதான் தெரிந்தது. பாறையின் கறுத்த தோல் ஒருமுறை வந்து நின்றுவிடுவதில்லை. வெயிலும் தூசியும் ஈரமும் சேர்ந்து அதை மெல்ல மெல்லக் கட்டுகின்றன. கொத்தினால் வெளிறல் வரும். ஆனால் அந்த வெளிறலுக்கு மேலும் காலப்போக்கில் தோல் வளரும். ஒரு சிலைடில் மாடு ஏறக்குறையப் பாறையின் நிறத்துக்கே போயிருந்தது. அதன் முதுகுக்குக் குறுக்கே ஒரு ஒட்டகம், வெளிறலாக. புல் காய்ந்து போன பிறகு, ஒட்டகத்தோடு வந்தவர்கள் கொத்தியது. எது முந்தியது, எது பிந்தியது என்று நிறத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம் என்றார் ஃப்ரௌ லூத்தி. நிறம் ஒத்துப்போகாவிட்டால் வேறு கை, வேறு காலம்.

அதைச் சொல்லிவிட்டு விளக்கைப் போடச் சொன்னார். எங்கள் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதிலையும் ஒரு இடம் மற்றதோடை ஒத்துப்போகேல்லை. ஆர் கண்டுபிடிக்கிறியள்?"

கெர்பர் முன்னால் பார்த்தபடியே நின்றார். கண்ணாடி போட்ட ஒரு அம்மா எழுந்து வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, நாம்பனின் கன்னத்தில் விரலை வைத்தார். மற்றவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். சாப்பாட்டை ஒருவரும் தொடவில்லை.

"அதுக்குக் கீழை ஒரு கயிறு இருக்குது" என்றார் ஃப்ரௌ லூத்தி. "இதைக் கொத்தினவர் மாட்டோடை வாழ்ந்த ஊரிலையிருந்து வந்தவர். அவருக்குத் தெரிஞ்ச மாட்டை அவரின்ரை கை கொத்திப்போட்டுது. பாலைவனத்திலையும் பிறகு வந்த ஆக்கள் தங்களுக்குத் தெரிஞ்ச மிருகத்தைத்தான் கொத்தினவை. நான் அங்கை தேடுறதும் இப்பிடியான இடங்களைத்தான்."

பிறகு என் பக்கம் திரும்பி, தலையை அசைத்தார். ஆட்கள் என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கயிறு எதற்கு, மாட்டுக்கு வலிக்காதா, உங்கள் ஊரில் மாடு பால் எவ்வளவு தரும். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் தீர்ந்து, கையால் மாட்டைப் பிடித்து, வண்டியில் பூட்டி, ஓட்டியும் காட்டினேன். தவம் அண்ணை கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு என்னிடம், "மாடு ஓட்டுற தார்க்கோலைப் பிழையாப் பிடிச்சனீ" என்றார்.

மேசை துடைக்கும்போது கெர்பரிடம் நானாகவே கேட்டேன். பொறுக்க முடியவில்லை.

"ஹெர் கெர்பர், குளிர்காலத்துக்கு நான் எங்கை?"

அவர் துணியை மடித்தார். "அந்தக் கன்னத்து ஒட்டு மோசம்" என்றார்.

"ஓம்."

"அவ சொன்னது வடிவான கதை. எண்டாலும் ஒட்டு மோசம்."

"ஓம், ஹெர் கெர்பர்."

"மினுங்கினது சீனித்தூளாலை. சீனி போடாமல் எப்பிடி அடைக்கிறதெண்டு திங்கக்கிழமை காட்டுறன். என்ரை மேசையிலை. ஊலி வந்தாலும் குளிர்காலத்துக்கு வேலை கிடக்கு, சமையல் பொறுப்பாளரிட்டைக் கேட்டிட்டன்."

எப்போது கேட்டார் என்று பிறகு பொறுப்பாளரிடம் விசாரித்தேன். விருந்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாராம். பலகை நாலு துண்டும் உடையாமல் ஒட்டுப்பட்ட அன்றே. மனுஷன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

6. அடுத்த பலகை

புதிதாக வந்து தொட்டியில் நிற்கிற தம்பிமாருக்கு இரண்டு விஷயம் சொல்லலாம். பக்கத்து மேசையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருங்கள், கேளுங்கள், ஏச்சு விழுந்தாலும் கேளுங்கள். அடுத்தது, வேலை நல்ல ஓட்டத்தில் போகிற நேரத்தில்தான் கையை நிறுத்திப் பார்க்கவேண்டும். தடுமாறும்போது நாம் பார்த்துத்தான் செய்கிறோம். ஓடும்போது கை தனக்குப் பழகினதைச் செய்துவிட்டுப் போய்விடும்.

இதை எழுதும்போது நான் பத்திஸ்ஸரிக்கு வந்து சில கிழமைகள்தான். ஃப்ரௌ லூத்தி தைமாதம் லாங்கன்தால் என்ற ஊரில் பேசப்போகிறார். அதற்கும் ஒரு பலகை கேட்டிருக்கிறார். இந்த முறை இரண்டு காலமும் ஒரே பாறையில் தெரியவேண்டுமாம்: பழைய மாடுகள் கறுக்கத் தொடங்கியிருக்கவேண்டும், அவற்றின் குறுக்கே ஒட்டகங்கள் புதிதாக, வெளிறலாக.

கெர்பருடைய வழி, மாடுகளைக் கொத்திவிட்டு அந்தப் புள்ளிகளுக்குள் மெல்லிய கோப்பி நிறத்தைத் தூரிகையால் வைப்பது. பாதுகாப்பான வழிதான். ஆனால் அது பூசினதாகத்தான் இருக்கும். மாடுகளைக் கொத்திய பிறகு பலகையைத் திரும்ப அடுப்புக்குள் வைத்தால், திறந்த மா தானாகவே சிவக்காதா? வெளிறலுக்கு மேலே தோல் தானாக வளரட்டும். பாலைவனம் செய்கிறதை அடுப்பு செய்யட்டும். சிக்கல் என்னவென்றால், செத்த மா லேசில் சிவக்காது. பால்மாவோ சீனியோ கலக்கவேண்டும். சீனி கலந்தால் பலகை வளையும் என்கிறார் கெர்பர்.

"வளைஞ்சால்?" என்று கேட்டேன்.

"வளைஞ்சால் உடைச்சுப்போட்டுத் திரும்பச் சுடு."

வருகிற திங்கட்கிழமை சின்ன அடுப்பு எனக்கு. மூன்று சின்னத் துண்டுகள் சுடப்போகிறேன். ஒன்று வெறும் மா, ஒன்று பால்மா கலந்தது, ஒன்று சீனி கலந்தது. மூன்றிலும் ஒரு மாடு கொத்தி, மறுபடி சூட்டில் வைத்து, எது எவ்வளவு கறுக்கிறது, எது வளைகிறது என்று பார்க்கவேண்டும். கறுத்தும் நேராக நிற்பது எதுவோ, அதன்மேல்தான் ஒட்டகம்.